தங்குகிற ஆள் வேண்டும்

மார்ச் 3, திங்கள்

பாஷாவும் போய்விட்டார். காலையில் வந்து சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க மேடம்" என்றார். சிறுசேரிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு டேட்டா சென்டரில் எலெக்ட்ரீஷியன் வேலையாம். ஏசிக்குள் நின்று மீட்டர் பார்த்தால் போதும். "கீசர்ல தண்ணி சூடு ஏறல, ஒடனே வா" என்று அங்கே யாரும் கத்தமாட்டார்கள். நான் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நீலாம்பரி குடியிருப்பில் ஆறு பிளாக். அத்தனை வீட்டுக்கும் இப்போது எலெக்ட்ரீஷியனும் இல்லை, ப்ளம்பரும் இல்லை. ப்ளம்பர் போன மாதமே மெட்ரோ வேலைக்குப் போய்விட்டார். சங்கச் செயலாளர் தாமஸ் சார் போனில், "ஆள் பிடிங்க வல்லி மேடம், எப்படியாவது ஆள் பிடிங்க" என்கிறார். இங்கே மேலாளராக வந்ததிலிருந்து நான் செய்வது அது ஒன்றுதான். பிடிப்பதும் விடுவதும்.

வரும் வழியில் கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன். வீட்டில் இவர் வாசனை இல்லாத ரசத்தைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

நேர்காணலுக்கு வருகிறேன் என்று சொன்னவர்களில் ஒருவர்தான் வந்தார். அவரும் சுவரில் மாட்டியிருந்த புகார்ப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். "டீ சாப்ட்டுட்டு வந்துர்றேன் மேடம்" என்று போனவர் வரவே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று வந்தவர் பெயர் குணாளன். மன்னார்குடிப் பக்கம். ஐடிஐ முடித்தவர். வயரிங், மோட்டார், குழாய் மூன்றும் பார்ப்பாராம். இப்போது ஏதோ ஒரு ஆப் மூலம் வீடு வீடாகப் போய் வேலை செய்கிறார். ஸ்டார் குறைந்தால் வேலை வருவது நின்றுவிடுமாம்.

"ஒரு வீட்ல நாய அவுத்து உட்டுட்டாங்க மேடம். பயந்து வெளிய வந்துட்டேன். அதுக்கு ஒத்த ஸ்டார் குடுத்துட்டாங்க" என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

"எவ்வளவு நாள் இருப்பீங்க? ஒளிக்காம சொல்லுங்க" என்று கேட்டேன். எல்லோரும் இந்தக் கேள்விக்கு, "ரொம்ப வருஷம் மேடம்" என்பார்கள். இவர் யோசித்தார்.

"குடும்பத்தோட இருக்க ஒரு எடம் கெடச்சா இங்கயே இருந்துடுவேங்க. கொழந்த பொறந்து மூணு மாசம் ஆவுது. ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். அடுத்த தடவ போறப்ப என்னப் பாத்து அழுவும்னு நெனைக்கிறேன்."

என் தம்பி மகன் வயதுதான் இருக்கும். நாளை முதல் வேலைக்கு வருகிறான்.

மார்ச் 16, ஞாயிறு

சங்கக் கூட்டம். கிளப்ஹவுசுக்குப் பின்னால் டிரைவர்களுக்கென்று கட்டிய அறை உடைந்த நாற்காலிகளோடு பூட்டிக் கிடக்கிறது. அதைக் குணாளனுக்குக் கொடுக்கலாம் என்று கேட்டேன். டி பிளாக் அம்மா ஒருவர், "இன்னைக்கு ஒரு குடும்பம் வரும், நாளைக்கு அவங்க சொந்தக்காரங்க எல்லாம் வந்துடுவாங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்தது என்று தெரியவில்லை. "ஏஜென்சிக்காரங்க அனுப்புறவங்க ஒரு வாரம் நிக்கிறதில்ல. சம்பளத்த டேட்டா சென்டர் அளவுக்கு நம்மால கூட்ட முடியாது. நம்மகிட்ட இருக்கறது ஒரு ரூம். அதக் குடுத்தா ஒரு ஆள் தங்குவார். இல்லைன்னா உங்க வீட்டு மோட்டாருக்கு நீங்கதான் இறங்கணும்" என்றேன்.

தாமஸ் சார் சிரித்துவிட்டார். தற்காலிகமாக என்று எழுதி அனுமதி கொடுத்தார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை கிடையாது. இருந்தாலும் போனேன். குணாளன் மனைவி கோகிலா குழந்தையோடு வந்து இறங்கும் நாள். அறை சுத்தமாக இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்.

குணாளனே சுண்ணாம்பு அடித்து, ஃபேன் மாட்டி, ஜன்னலுக்கு வலை அடித்து வைத்திருந்தான். நான் வீட்டிலிருந்து தொட்டிலுக்குப் போடும் கொசுவலை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் வீட்டு இரண்டாவது அறை அலமாரியில் வெகுநாளாகக் கிடந்தது. கடைக் கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

"புதுசா வாங்குனீங்களாக்கா?" என்று கோகிலா கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

குழந்தை பெயர் யாழினி. குணாளன் பயந்தபடி அவனைப் பார்த்து அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் அழுதாள்.

ஏப்ரல் 2, புதன்

இன்று அழவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

ஏ பிளாக் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே வேதவல்லி டீச்சர், எழுபதைத் தாண்டியவர், தனியாக. லிஃப்ட் கம்பெனி ஆள் வரும்வரை திறக்கக் கூடாது. குணாளன் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "டீச்சர், நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போமாட்டேன். என்ன பாடம் எடுத்தீங்க? வரலாறா? எனக்கு வரலாறுன்னாலே தூக்கம் வந்துடும் டீச்சர்" என்று பேசிக்கொண்டே இருந்தான். உள்ளேயிருந்து டீச்சர் அவனைத் திட்டுவது கேட்டது. வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

தாமஸ் சார் என்னிடம், "இந்தப் பையனை விட்டுடாதீங்க மேடம்" என்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

கோகிலா பி பிளாக்கில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போகிறாள். காலையில் அந்த நேரம் மட்டும் யாழினி என் ஆபீசில். ஏசியைக் குறைத்து வைத்து, என் மேசைக்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்கிறேன். போன் மணி அடித்தால் திடுக்கிடுகிறாள் என்பதால் மணியை நிறுத்தி வைத்தேன். நான் போன் எடுக்கவில்லை என்று இரண்டு பேர் குரூப்பில் புகார் போட்டார்கள். போடட்டும்.

மே 9, வெள்ளி

தோசை வார்க்கும்போது, "என்ன வல்லி, பாட்டெல்லாம் வருது?" என்றார் இவர்.

நான் பாடியது எனக்கே தெரியாது. வெயில் தாங்கவில்லை, அதனால்தான் என்றேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டார்.

மே 21, புதன்

கோடை முழுதும் இரண்டு மோட்டாரும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பக்கத்துக் குடியிருப்பு மேலாளர் போன் செய்து, "உங்க டெக்னீஷியன எங்களுக்குத் தர்றீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டார். அவர்களிடம் நாலாவது ஆளும் ஓடிவிட்டாராம். எனக்கு விளையாட்டாகப் படவில்லை. சட்டென்று வைத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

திருப்போரூர் முருகன் கோவிலில் யாழினிக்கு முதல் சோறு ஊட்டினார்கள். கோகிலாவின் அம்மாவுக்குக் கால் வலி, வர முடியவில்லை. கோகிலா ஊட்டினாள், பிறகு குணாளன். அதற்குப் பிறகு கோகிலா கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "நீங்களும் குடுங்கக்கா. உங்க கையிலதான பாதி நாள் இருக்கா."

கொடுத்தேன். துப்பிவிட்டு, மறுபடி வாயைத் திறந்தாள்.

இவரும் வந்திருந்தார். திரும்பும்போது இவர்தான் காரை ஓட்டினார். சிக்னலில் நின்றபோது, "நல்ல புள்ளைங்க" என்றார். அப்புறம், "கவனமா இரு வல்லி" என்றார். எதற்குக் கவனம் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஆண்டுப் பொதுக்கூட்டம். கிளப்ஹவுஸ் பின்பக்கக் கொடியில் குழந்தைத் துணி காய்வதை யாரோ போட்டோ எடுத்துத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். "வீடு வாங்குறப்ப நாங்க பாத்த இடம் இதுவா?" என்று ஒருவர் கேட்டார். விளையாட வரும் பிள்ளைகளுக்குத் தொந்தரவாம். யாழினி அழுவது நீச்சல் குளம்வரை கேட்கிறதாம்.

அதே கூட்டத்தில், பராமரிப்பு இந்த வருடம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டுத் தீர்மானமும் போட்டார்கள்.

கை தூக்கினார்கள். ஜூலை முடிவுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். வேதவல்லி டீச்சர் மட்டும் எழுந்து, "உங்களுக்கெல்லாம் வெட்கமா இல்லையா?" என்று கேட்டார். தாமஸ் சார் என் முகத்தைப் பார்க்காமல் காகிதங்களை அடுக்கினார்.

ஜூன் 23, திங்கள்

குணாளனிடம் நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வது?

"சரிங்க மேடம்" என்றான். ஈ பிளாக்கில் குழாய் ஒழுகுகிறது என்று போய்விட்டான். சாயங்காலம் பார்த்தபோது கொடியைக் கழற்றி அறைக்குள் கட்டியிருந்தான்.

நான் இதை விடப் போவதில்லை. தாமஸ் சார் நல்லவர். பேசினால் கேட்பார்.

ஜூலை 4, வெள்ளி

குணாளன் ஒருநாள் லீவு கேட்டான். எதற்கு என்று கேட்டதும் மறைக்காமல் சொன்னான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களாம். உள்ளேயே குவார்ட்டர்ஸ். குழந்தைக்கு வைத்தியம் இலவசம். இங்கே படூர், தையூர் எல்லாம் வீடு பார்த்துவிட்டானாம். அட்வான்ஸ் கேட்பதைப் பார்த்தால் ஊருக்கே திரும்பிவிடலாம் போலிருக்கிறது என்றான்.

"உங்க பேரத்தான் குடுத்திருக்கேன் மேடம். கூப்புட்டு விசாரிப்பாங்க."

"தாராளமா குடு. நான் சொல்றேன்" என்றேன்.

போய்விட்டு வா என்று பஸ்ஸுக்குச் சாப்பிட எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் டேங்க் சுத்தம் செய்கிறவர்கள் வந்தார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் சொன்னேன். சி பிளாக் மாடிப்படியில் விளக்கு எரியவில்லை, குணாளன் மாற்றிவிட்டான். யாழினி இப்போது தவழ ஆரம்பித்துவிட்டாள். கதவுப் பக்கம் போகிறாள் என்று நாற்காலியைக் குறுக்கே போட்டிருக்கிறேன்.

மத்தியானம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. குணாளனைப் பற்றிக் கேட்டார்கள். நல்ல பையன், வேலை தெரியும் என்றேன். நேரத்துக்கு வருவாரா என்று கேட்டார்கள். இங்கே வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் வந்துவிடுகிறார், வெளியில் எப்படி என்று எனக்குத் தெரியாது என்றேன். லீவு எப்படி என்று கேட்டார்கள். குழந்தை வந்த பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது என்றேன். நீண்ட நாள் தங்கக்கூடியவரா என்று கேட்டார்கள். இந்தக் காலத்தில் யாரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும் என்றேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை.

தாமஸ் சாரிடம் அறை விஷயமாக இன்றைக்கும் பேசினேன். பார்க்கலாம் என்றிருக்கிறார். அறை திரும்பக் கிடைத்துவிட்டால் அவர்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் அந்தப் பெண்ணுக்கு யாரைத் தெரியும்? குழந்தையை யார் பார்ப்பார்கள்?

ஜூலை 9, புதன்

தலைவலி. ஆபீசுக்குப் போகவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து பதில் இல்லை என்றாள் கோகிலா. "ராவெல்லாம் போனையே பாத்துக்கிட்டு கெடக்குறாருக்கா. நேர்ல போனப்ப வேல ஒனக்குத்தான்னு சொல்லித்தான் அனுப்புனாங்களாம். குவார்ட்டர்ஸ்கூட காட்டுனாங்களாம். ரெண்டு ரூம், பின்னால ஒரு முருங்க மரமாம்."

வேறு நல்ல இடம் கிடைக்கும் என்று சொன்னேன். யாழினியின் நகத்தை வெட்டிவிட்டேன். தூங்கும்போதுதான் வெட்ட முடிகிறது.

ஜூலை 20, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன். ஆகஸ்ட் முடியும்வரை அறையை வைத்துக்கொள்ளலாம் என்று தாமஸ் சார் கமிட்டியிடம் பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதற்குள் ஆட்கள் மனது மாறும். நேராகப் போய்ச் சொன்னேன். கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேசரி கிண்டினாள்.

குணாளன் அவ்வளவாகச் சந்தோஷப்படவில்லை. "தேங்க்ஸ் மேடம்" என்றான். நான் பேசும்போது என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தான். அசதியாக இருக்கும். நேற்று முழுதும் சம்ப் வேலை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆட்கள் மனது மாறவில்லை. கிளப்ஹவுசைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். அந்த அறை உடற்பயிற்சிக் கூடத்தோடு சேர்கிறது. செப்டம்பர் ஒன்றாம் தேதி இடிக்க ஆள் வருகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

குணாளன் ஓமானுக்கு விசாரிக்கிறான் என்று கோகிலா சொல்லித் தெரிந்தது. என்னிடம் அவன் சொல்லவில்லை. முன்பெல்லாம் எதுவானாலும் முதலில் என்னிடம்தான் வந்து சொல்வான்.

ஆகஸ்ட் 9, சனி

இவரிடம் பேசினேன். இரண்டாவது அறை சும்மாதானே இருக்கிறது. மஞ்சள் பெயின்ட் அடித்து எத்தனை வருடமாயிற்று, சுவர்கூட அழுக்காகவில்லை. அவர்கள் மூவரும் வந்து இருக்கட்டும். குணாளன் வண்டியில் வேலைக்குப் போய்வரலாம். வாடகை வேண்டாம்.

கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "கேளு. எனக்கொண்ணும் இல்ல" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "ஆனா அது அவங்க புள்ள வல்லி. வேணாம்னு சொன்னா நீ தாங்கிக்கணும்" என்றார்.

நான் என்ன, குழந்தையையா கேட்கிறேன்? நல்ல டெக்னீஷியனை இந்தக் காலத்தில் விட்டால் கிடைக்காது. அதற்காகத்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபீஸ் வாஷ்பேசினில் குழாய் ஒழுகுகிறது என்று குணாளனைக் கூப்பிட்டேன். அவன் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே சொன்னேன். அறை பெரியது, தனிக் குளியலறை இருக்கிறது, பக்கத்திலேயே பால்வாடி, யாழினிக்கு ஒரு குறையும் வராது. எல்லாம் சொல்லி முடித்தேன்.

"வேணாம் மேடம்" என்றான்.

ஏன் என்று கேட்டேன். அவன் நிமிரவில்லை.

"ஓமான் முடிஞ்சிடும் போல இருக்குங்க. ரெண்டு வருஷம். கோகிலா ஊர்ல எங்கம்மாகூட இருந்துக்கும்."

"ரெண்டு வருஷமா? புள்ள உன்ன மறந்துடும்ப்பா. குடும்பத்தோட இருக்கணும்னுதான வந்த நீ?"

அப்போதுதான் நிமிர்ந்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

"அந்த ஆஸ்பத்திரில என்கூட ஐடிஐ படிச்சவன் ஒருத்தன் இருக்கான் மேடம்" என்றான். "அவன் சொன்னான்."

குழாயைத் திறந்து பார்த்தான். மூடினான்.

"நான் யாருகிட்டயும் சொல்லலங்க. கோகிலாகிட்டகூடச் சொல்லல. அது உங்கள அக்கா அக்கான்னு கெடக்குது. ஓமான் கம்பெனிக்காரங்களும் உங்களுக்குத்தான் போன் பண்ணுவாங்க. இந்தத் தடவ மட்டும் நல்லபடியா சொல்லிடுங்க மேடம்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இவர் கேட்டார். வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்றேன்.  சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஓமான் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் போன் செய்தார். யாழினி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்பதால் வெளியே போய் நின்று பேசினேன்.

நேரத்துக்கு வருவாரா என்று கேட்டார். நேரத்துக்கு முன்பே வருவார் என்றேன். வேலை எப்படி என்றார். இந்த வருடம் இங்கே ஒரு மோட்டார்கூட நிற்கவில்லை என்றேன். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு வயதான அம்மாவுக்கு வெளியே உட்கார்ந்து துணையிருந்தவர் என்றேன். அதெல்லாம் அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். சொந்த மகனாக இருந்தால்கூட இதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியாது என்றேன்.

"போதும் மேடம், தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரம்தான் ஆனது. அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

குணாளன் இடத்துக்கு ஆள் தேட வேண்டும். விளம்பரம் கொடுத்தேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பரவாயில்லை. வயரிங் பார்ப்பாராம், குழாய் வேலை தெரியாது. எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. குடும்பம் எங்கே என்று மட்டும் கேட்டேன். ஒடிசாவில் என்றார். எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாளை விநாயகர் சதுர்த்தி. நாளைக்கே குணாளனுக்கு ஃப்ளைட். இன்று புது ஆளைக் கூட்டிக்கொண்டு எல்லா பிளாக்கும் சுற்றினான். எந்த வால்வு எந்தப் பக்கம், எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் கதவு திறக்க நேரமாகும், பொறுமையாக நின்று சொல்லிக் கொடுத்தான்.

வேதவல்லி டீச்சர் மேலேயிருந்து இறங்கி வந்து ஒரு சட்டைத் துணி கொடுத்தார். தாமஸ் சார் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கையைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்ப்பா" என்று அவன் தோளில் தட்டினார். குணாளன், "பரவால்லைங்க சார்" என்றான்.

என்னிடம் வந்தபோது என் காலைத் தொடக் குனிந்தான். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"யாழினி வெளாடிக்கிட்டிருக்கா மேடம். கொஞ்ச நாளைக்குக் கோகிலா அழுவும். நீங்க இருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போறேன்" என்றான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

போய்ச் சேர்ந்துவிட்டானாம். கோகிலாவிடம் வீடியோவில் பேசினான். யாழினி போனை வாங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கோகிலாவை நான்தான் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். இவர் கார் ஓட்டினார். இரண்டு பை, ஒரு ஃபேன், ஒரு குக்கர். ஐந்து மாதத்துக்கு அவ்வளவுதான் சேர்ந்திருந்தது.

மன்னார்குடி பஸ் வர நேரமிருந்தது. இவர் சாமான்களோடு பஸ் நிற்கும் இடத்தைப் பார்க்கப் போனார். நானும் கோகிலாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாழினி என் தோளில். வெயிலும் இரைச்சலும் தாங்காமல் சிணுங்கிக்கொண்டிருந்தவள் மெல்லத் தூங்கிப்போனாள்.

கோகிலா அழவில்லை. பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகப் பேசினாள்.

"அந்த ஆஸ்பத்திரி வேல கெடச்சிருந்தா மூணு பேரும் ஒண்ணா இருந்திருப்போம்க்கா. நான் ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், நாங்க குவார்ட்டர்ஸ் போறோம்னு. கடைசில யாரோ ஏதோ சொல்லிட்டாங்களாம். அதனாலதான் இல்லன்னுட்டாங்க."

"யாராம்?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"எவ்வளவோ கேட்டுட்டேன், சொல்ல மாட்டேங்குறாரு. நான் மண்ண வாரித் தூத்துனேன். அதுக்குக்கூட என்ன வைய்யிறாரு. விடு கோகிலா, அவங்களுக்கு என்ன கஷ்டமோ, அப்படீங்குறாரு." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அவரு அப்படித்தான்க்கா. யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

எதிரே ஒரு பஸ் ரிவர்ஸில் வந்து திரும்பியது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினார். எங்களுடையது இல்லை.

நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. வாயைத் திறந்தேன். "தண்ணி பாட்டில் வாங்கிட்டியா?" என்றுதான் வந்தது.

"வாங்கிட்டேன்க்கா" என்றாள். பிறகு, "நீங்க மட்டும் இல்லன்னா இந்த அஞ்சு மாசமும் இருந்திருக்காது" என்றாள்.

இவர் தூரத்திலிருந்து கையசைத்தார். மன்னார்குடி பஸ் வந்துவிட்டது. சாமான்களை ஏற்றினார். கோகிலா ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

யாழினி என் சேலையை விரலுக்குள் இறுக்கிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. எழுப்பாமல் எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் ஹாரன் அடித்தார். கோகிலா, "குடுங்கக்கா" என்றாள்.

விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கொடுத்தேன்.